வட்டியும் ஹராம், மக்காவின் பள்ளியும் ஹராம்: ஒரே சொல் எப்படி?

நாகூர்க்காரன்:

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம்.

ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் கேள்வி. வட்டி ஹராம், மது ஹராம், அடுத்தவன் காசு ஹராம் என்று சின்ன வயதிலிருந்து கேட்டுப் பழகியிருக்கிறோம். அதே சொல்லைத்தான் கஅபாவைச் சுற்றியுள்ள பள்ளிக்கும் வைத்திருக்கிறார்கள்: மஸ்ஜிதுல் ஹராம். கேட்டால் "அங்கே ஹராம் என்றால் புனிதம்" என்கிறார்கள். சரி, ஆனால் வட்டிக்கும் இறையில்லத்துக்கும் ஒரே சொல் எப்படிப் பொருந்தும்? இரண்டும் வேறு வேறு சொற்களா? எபிரேயத்திலும் இதே சொல் உண்டு என்று கேள்விப்பட்டேன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மூவெழுத்து:

வ அலைக்கும் ஸலாம். நல்ல கேள்வி. இரண்டும் ஒரே சொல்தான்.

அரபி, எபிரேயம், அரமேயம், பழைய அக்காடியம், எத்தியோப்பியாவின் கீஸ் எல்லாம் செமித்திய மொழிகள். இவற்றில் பெரும்பாலான சொற்கள் மூன்று மெய்களாலான வேரிலிருந்து கிளைக்கின்றன. இங்கே வேர் ஹா, ரா, மீம். பொதுப் புழக்கத்திலிருந்து ஒன்றை எடுத்துத் தனியே வைப்பதுதான் இதன் அடிக்கருத்து. 'இஷ்டப்படி கை வைக்கக் கூடாது', அவ்வளவுதான். ஏன் கூடாது என்பதை வேர் சொல்வதில்லை. அசுத்தம் என்பதாலும் இருக்கலாம், இறைவனுக்கு உரியது என்பதாலும் இருக்கலாம்.

கிளைகளைப் பாருங்கள். மக்காவைச் சுற்றிய எல்லைக்குப் பெயர் ஹரம். அதற்குள் வேட்டையாடக் கூடாது, தானாக முளைத்த மரத்தை வெட்டக் கூடாது. ஹாஜிகள் பூணுவது இஹ்ராம்; அந்த நிலையில் நகம் வெட்டுவது, நறுமணம் பூசுவது, வேட்டை எல்லாம் விலக்கு. போர் கூடாத நான்கு மாதங்களில் ஒன்று முஹர்ரம். மணம் செய்துகொள்ள முடியாத நெருங்கிய உறவு மஹ்ரம். வெளி ஆண்கள் நுழையக் கூடாத வீட்டுப் பகுதி ஹரீம். இத்தனையிலும் ஒரு வேலி இருக்கிறது. வேலிக்கு உள்ளே இருப்பது மதிப்புக்குரியதா, வெறுக்கத்தக்கதா என்பதை இடத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.

யெமனில் மஃரிப் நகருக்கு வெளியே மணலுக்குள் பாதி புதைந்து நிற்கும் பழைய கோயிலை ஊர்மக்கள் 'மஹ்ரம் பில்கீஸ்' என்பார்கள். இஸ்லாத்துக்குப் பல நூற்றாண்டு முன்பே தென்னரபிக் கல்வெட்டுகளில் 'ம-ஹ-ர-ம' என்றால் கோயில். 'புனிதம்' என்பது பின்னால் வந்து ஒட்டிய பொருளில்லை என்பதற்கு இது போதும்.

எபிரேயத்தில் இது 'ஹேரெம்'. அதை பைபிள் நன்கு தெரிந்த யாராவது எழுதினால் இன்னும் நன்றாக இருக்கும்.

பாளையங்கோட்டை:

நான் முயல்கிறேன். தமிழ் பைபிளை வைத்தே இதைக் காட்டலாம்.

யோசுவா 6, 7 அதிகாரங்கள். எரிகோ விழுகிறது. அந்நகரத்துப் பொருள் எதையும் எடுக்கக் கூடாது என்பது கட்டளை. ஆகான் ஒரு சால்வையையும் வெள்ளியையும் பொன்பாளத்தையும் எடுத்துத் தன் கூடாரத்தில் புதைத்து வைக்கிறான், அதனால் எல்லாருக்கும் கேடு வருகிறது. அங்கே 'ஹேரெம்' என்ற சொல்லுக்கு நம் பழைய மொழிபெயர்ப்பு 'சாபத்தீடானது' என்று போடுகிறது.

இப்போது லேவியராகமம் 27:28. ஒருவன் தன்னிடமுள்ள ஆட்டையோ மாட்டையோ நிலத்தையோ கர்த்தருக்கென்று கொடுத்துவிட்டால் அதை விற்கவும் கூடாது, மீட்கவும் கூடாது, அது மிகப் பரிசுத்தமானது. அங்கும் மூலத்தில் 'ஹேரெம்'தான்! தமிழிலோ 'நேர்ந்துகொள்ளப்பட்டது'. ஒரு இடத்தில் சாபம், இன்னொரு இடத்தில் பரிசுத்தம். தமிழில் மட்டும் வாசிப்பவருக்கு இரண்டும் ஒரே சொல் என்று தெரிய வழியே இல்லை.

எங்கள் பக்கத்தில் கோயிலுக்கு நேர்ந்துவிட்ட கிடா தெருவில் திரியும். யார் வயலில் மேய்ந்தாலும் அடிக்க மாட்டார்கள், அதை விலை பேசவும் மாட்டார்கள். அது சாமியுடையது. எடுத்தவனுக்கு ஆகாது என்ற பயமும் இருக்கும், கும்பிடும் மரியாதையும் இருக்கும். ஹேரெம் என்பதை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

மூவெழுத்து:

அருமை. ஹேரெம் பற்றி இன்னும் இரண்டு விஷயம்.

ஒன்று, இது இஸ்ரவேலரின் தனிச்சொத்து இல்லை. 1868இல் யோர்தானின் தீபானில் கிடைத்த மேசா கல்வெட்டு இப்போது பாரிஸ் லூவரில் இருக்கிறது. கி.மு. 9ஆம் நூற்றாண்டு. மோவாப் அரசன் மேசா, இஸ்ரவேலரிடமிருந்து நேபோ என்ற ஊரைப் பிடித்ததையும் அங்கிருந்தவர்களைக் கொன்று ஊரைத் தன் தெய்வமான அஷ்தர்-கெமோஷுக்கு 'ஹேரெம்' ஆக்கியதையும் பெருமையோடு பொறித்திருக்கிறான். சொல்லும் ஒன்று, வழக்கமும் ஒன்று, தெய்வம்தான் வேறு. இதை வாசிக்கும்போது எனக்கு மனம் கனத்துப்போகும். நேர்ந்துகொள்ளப்பட்டது ஆடு மாடு மட்டுமல்ல, மனிதர்களும்தான். அதை மழுப்பி எழுதக் கூடாது.

இரண்டு, பிற்கால யூத வழக்கில் ஹேரெம் என்றால் ஊர்விலக்கு. 1656 ஜூலை 27 அன்று ஆம்ஸ்டர்டாம் யூத சமூகம் தத்துவஞானி ஸ்பினோசாவுக்குப் போட்டது அதைத்தான். அவருக்கு அப்போது 23 வயது. அவரோடு பேசக் கூடாது, அவர் எழுதியதைப் படிக்கக் கூடாது.

ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். எசேக்கியேல் 26இல் தீரு நகரம் 'வலைகளை விரிக்கிற இடம்' ஆகும் என்று வருகிறது. அந்த வலைக்கும் எபிரேயத்தில் 'ஹேரெம்' என்றுதான் பெயர். உடனே "விலக்கு மனிதரைச் சிக்க வைக்கும் வலை" என்று தத்துவம் பேச ஆரம்பித்துவிடக் கூடாது. அரபி தனித்தனியாக வைத்திருக்கும் ஹா, கா என்ற இரண்டு தொண்டை ஒலிகள் எபிரேய எழுத்தில் ஒன்றாகிவிட்டன. வலை வேறொரு வேரிலிருந்து வருகிறது. அரபியில் அதன் உறவு துளையிடுதலைக் குறிக்கும் 'கரம' என்ற வினை என்கிறார்கள். எழுத்து ஒன்றாக இருப்பதால் வேர் ஒன்றாகிவிடாது. இணையத்தில் நடக்கும் வேர்ச்சொல் ஆராய்ச்சிகளில் முக்கால்வாசி இங்கேதான் சறுக்குகிறது.

கிண்ணியா:

நல்ல இழை. நானும் ஒன்று கேட்கிறன். 'காஃபிர்' என்ற சொல்லுக்கு 'மறைப்பவன்' என்றுதான் அர்த்தம், உண்மையை மூடி மறைக்கிறதால அந்தப் பெயர் என்று எல்லா இடத்திலும் சொல்லுகினம். சரியா? எங்கட இலங்கையில ஆப்பிரிக்க வம்சாவளி மக்களைக் காப்பிலி, காப்பிரி என்று சொல்லுவினம். புத்தளம் பக்கம் இருக்கினம். அதுவும் இந்தச் சொல்தானா?

ஆலிமா:

கிண்ணியா தம்பிக்கு ஸலாம். நான் மதரஸாவில் அரபி இலக்கணம் நடத்துகிறேன். அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

மூடுதல் என்பது பழைய அரபியில் இருக்கும் பொருள்தான். பழைய அரபுக் கவிஞர் லபீத், முஅல்லகா என்ற தம் நெடுங்கவிதையில் சூரியன் 'காஃபிர்'க்குள் கை வைத்தது என்பார். அங்கே காஃபிர் என்றால் இரவு, எல்லாவற்றையும் போர்த்துவது. குர்ஆன் 57:20இல் மழையால் முளைத்த பயிர் 'குஃப்பார்'களை மகிழ்விக்கிறது என்று வருகிறது. விரிவுரையாளர்களில் பலர் அதற்கு விவசாயிகள் என்று பொருள் சொன்னார்கள், விதையை மண்ணால் மூடுகிறவர்கள் என்பதால்.

ஆனால் அதிலிருந்து நேராக 'உண்மையை மறைப்பவன்' என்று தாவுவது எனக்கு ஒப்பாது. குர்ஆனிலேயே குஃப்ருக்கு (காஃபிரின் செயலுக்கு) எதிர்ச்சொல்லாக ஈமான் (இறைநம்பிக்கை) வரும் இடங்களும் உண்டு, ஷுக்ர் (நன்றி) வரும் இடங்களும் உண்டு. 2:152 பாருங்கள்: எனக்கு நன்றி செலுத்துங்கள், எனக்கு குஃப்ர் செய்யாதீர்கள். 14:7உம் அப்படியே. 26:19இல் ஃபிர்அவ்ன் (எகிப்தின் பார்வோன்), தன் வீட்டில் வளர்ந்த மூஸா நபியைப் பார்த்து "நீ காஃபிர்களில் ஒருவன்" என்கிறான். ஃபிர்அவ்னுக்கு ஏது ஈமான்? "செய்த உதவியை மறந்தவன்" என்றுதான் திட்டுகிறான். பெற்ற நன்மையை இல்லையென்று ஆக்குவது, நன்றி கெடுவது என்ற பொருள் அங்கே உயிரோடு இருக்கிறது. ஒரு சொல்லை அறிய வேண்டுமானால் அது எதற்கு எதிரே நிறுத்தப்படுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். வேர் அதற்குப் பிறகுதான்.

காப்பிரி அதே சொல்தான். அரபு வணிகர்கள் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் முஸ்லிம் அல்லாதவரைச் சொன்னது, போர்த்துக்கீசர் வாயில் ஓர் இனத்தின் பெயராகி, அவர்கள் கப்பலிலேயே இலங்கைக்கும் வந்தது. தென்னாப்பிரிக்காவில் அது மிகக் கேவலமான வசையாகிவிட்டது. அந்தச் சொல்லால் மக்கள் பட்டதை நினைத்தால் அதை வெறும் சொல்லாராய்ச்சியாக மட்டும் பேச முடியவில்லை.

மூவெழுத்து:

ஆலிமா சொன்னதோடு சேர்த்து, அதே காஃப்-ஃபா-ரா வேரிலிருந்து வரும் இன்னொரு சொல்: கஃப்பாரா. சத்தியத்தை முறித்தால் பத்து ஏழைகளுக்கு உணவளி, அல்லது உடை கொடு, அல்லது ஓர் அடிமையை விடுதலை செய், முடியாவிட்டால் மூன்று நாள் நோன்பு வை என்று குர்ஆன் 5:89 சொல்கிறது. குற்றத்துக்கு ஈடு.

எபிரேயத்தில் இதன் உறவு 'கிப்பூர்', யூதர்களின் பாவநிவிர்த்தி நாளான யோம் கிப்பூரில் வருவது. உடன்படிக்கைப் பேழையின் மேல் இருக்கும் பொன் தகட்டுக்கு 'கப்போரெத்' என்று பெயர், தமிழ் பைபிளில் கிருபாசனம். நோவாவின் பேழைக்கு உள்ளும் புறம்பும் கீல் பூசச் சொல்லும் ஆதியாகமம் 6:14இலும் இதே எழுத்துகள். அதனால் மூடுதல்தான் அடிப்பொருள், பாவத்தை மூடுவதே கிப்பூர் என்று பலர் எழுதினார்கள்.

அக்காடியச் சான்று வேறு பக்கம் இழுக்கிறது. அங்கே 'குப்புரு' என்றால் துடைத்தல். பாபிலோனின் அகீட்டு என்ற புத்தாண்டு விழாவில் ஐந்தாம் நாள் ஒரு சடங்கு. ஒரு கிடாயை வெட்டி, அதன் உடலால் கோயிலின் சுவர்களைத் துடைப்பார்கள். அசுத்தமெல்லாம் அந்த உடலில் ஏறிவிடும். பிறகு அதை ஆற்றில் எறிவார்கள். எறிந்தவரும் மந்திரம் சொன்னவரும் விழா முடியும்வரை ஊருக்குள் வரக் கூடாது. இந்தச் சடங்கைச் சொல்லும் வினைதான் 'குப்புரு'. இதை வைத்துக்கொண்டு லேவியராகமம் 16ஐ வாசியுங்கள். ஓர் ஆட்டின் தலையில் சபையின் பாவங்களைச் சுமத்தி வனாந்தரத்துக்கு அனுப்புகிறார்கள், கொண்டுபோய் விட்டவன் குளித்துவிட்டுத்தான் பாளயத்துக்குள் வர வேண்டும். எனக்கு 'துடைத்தல்' பக்கமே மனம் சாய்கிறது. கீல் பூசுவதும் துடைப்பதும் கையின் ஒரே அசைவுதானே, இரண்டும் ஒரே வேரிலிருந்து பிரிந்திருக்கவும் இடமுண்டு.

தமிழ்வேர்:

நண்பர்களே, நீங்கள் சுற்றி வளைக்கிறீர்கள். 'ஆமேன்', 'ஆமீன்' இரண்டும் 'ஓம்' என்பதன் திரிபு. 'ஆம்' என்ற தமிழ்ச் சொல்தான் இவை எல்லாவற்றுக்கும் மூலம். ஆம் என்றால் அப்படியே ஆகட்டும். பொருள்கூடப் பொருந்துகிறது. வேறொருவர் இது எகிப்தின் ஆமூன் தெய்வத்தின் பெயர் என்று எழுதியிருந்தார், அது தவறு. மூலம் தமிழே.

மூவெழுத்து:

தமிழ்வேர் ஐயா, உங்கள் ஆர்வத்தை மதிக்கிறேன். ஆமூன் கதை தவறு என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். ஆனால் அதைத் தள்ளும் அதே காரணம் 'ஆம்' என்பதையும் தள்ளிவிடுகிறது.

ஆமேன் ஒரு தனி ஓசையாக எபிரேயத்தில் நிற்கவில்லை. அலெஃப்-மேம்-நூன் வேருக்கு அங்கே பெரிய குடும்பமே இருக்கிறது. 'எமூனா' விசுவாசம், 'நெஎமான்' நம்பத்தக்கவன், 'ஓமெனெத்' குழந்தையைத் தாங்கி வளர்ப்பவள். யாத்திராகமம் 17:12இல் அமலேக்கியரோடு போர் நடக்கும்போது மோசேயின் கைகள் சோர்ந்துபோகின்றன. ஆரோனும் ஊர் என்பவரும் ஆளுக்கொரு பக்கம் தாங்கிப் பிடிக்கிறார்கள், சூரியன் மறையும்வரை கைகள் 'எமூனா'வாக நின்றன என்று மூலம் சொல்கிறது. ஆடாமல் அசையாமல் உறுதியாக. விசுவாசம் என்ற சொல் அங்கே இரண்டு கைகளின் நிலையைச் சொல்கிறது! இந்த வேரின் உயிர் அதுதான்: உறுதி, தாங்குதல். 'ஆமேன்' என்பது "அது உறுதி" என்று தன் ஒப்புதலைத் தருவது. எண்ணாகமம் 5:22லும் உபாகமம் 27லும் ஆணைக்கும் சாபத்துக்கும் பதிலாகத்தான் அது வருகிறது.

அரபியிலும் அதே குடும்பம்: ஈமான், முஃமின், அமான், அமானத், அமீன். நம்மூர்க் கோர்ட்டில் ஜப்தி ஆணையோடு வருகிற அமீனாவும் இந்த வீட்டுப் பிள்ளைதான், நம்பி ஒப்படைக்கப்பட்டவர்.

தமிழுக்கும் எபிரேயத்துக்கும் மெய்யான தொடர்பு வேண்டுமென்றால் 1 இராஜாக்கள் 10:22க்குப் போங்கள். சாலொமோனின் கப்பல்கள் கொண்டுவந்தவற்றில் 'துக்கிய்யீம்' இருக்கிறது, மயில்கள். அது நம் 'தோகை'யிலிருந்து போனது என்று 19ஆம் நூற்றாண்டிலிருந்தே அறிஞர்கள் சொல்லிவருகிறார்கள். வாசனை மரமான 'அஹாலீம்' நம் அகில் என்பதும் அப்படியே. சரக்கோடு பெயரும் போகும், அது இயல்பு. அதற்குக் கப்பலும் வணிகமும் சான்று. ஓசை ஒற்றுமை மட்டும் சான்றாகாது.

ஆலிமா:

ஆமீன் பற்றி ஒரு சின்னக் குறிப்பு. அது குர்ஆன் வசனத்தில் இல்லை, முதல் அத்தியாயமான ஃபாத்திஹா ஓதி முடித்துச் சொல்வது. அதன் வாய்பாடு 'ஃபாஈல்'. அப்படியொரு வாய்பாடு அரபிச் சொற்களுக்குக் கிடையாது என்பதை எங்கள் இலக்கணக்காரர்களே கவனித்திருக்கிறார்கள். வேர் அரபியிலும் உண்டு, ஆனால் இந்த வடிவம் யூத, கிறிஸ்தவ வழிபாட்டிலிருந்து வந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

நாகூர்க்காரன்:

அல்ஹம்துலில்லாஹ், ஒரு கேள்வி கேட்டேன், இவ்வளவு வருகிறது. ஆலிமா அவர்களே, நீங்கள் சொன்னதில் எனக்கு ஒரு தயக்கம். ஸலாத் (தொழுகை), ஸகாத் (கடமையான தர்மம்), குர்ஆன் என்ற சொற்கள்கூட அரமேயத்திலிருந்து வந்தவை என்று சிலர் எழுதுகிறார்கள். குர்ஆன் தெளிவான அரபியில் இறங்கியது என்று குர்ஆனே சொல்கிறதே. இதை நம்பினால் ஈமானுக்குப் பங்கமா?

ஆலிமா:

நாகூர் நானா, இந்தக் கேள்வி ஆயிரத்து இருநூறு வருஷம் பழையது. யாரோ வெளியார் கிளப்பியதல்ல, நம் இமாம்களே விவாதித்தது. அதனால் பயப்பட வேண்டியதில்லை.

இமாம் ஷாஃபிஈ, குர்ஆனில் அரபி அல்லாத சொல்லே இல்லை என்றார். அரபி அவ்வளவு விரிந்தது, ஒருவருக்குத் தெரியாத சொல் இன்னொருவருக்குத் தெரிந்திருக்கும் என்பது அவர் வாதம். மறுபக்கம், இன்ன சொல் அபிசீனிய மொழி, இன்ன சொல் பாரசீகம் என்று நபித்தோழர் இப்னு அப்பாஸ் போன்றவர்களிடமிருந்தே அறிவிப்புகள் இருந்தன. ஷாஃபிஈக்குச் சில ஆண்டுகள் பின்பு மறைந்த அபூ உபைத் அல்காஸிம் பின் ஸல்லாம் இரண்டையும் இணைத்தார். அந்தச் சொற்கள் பிறப்பில் அந்நியம், ஆனால் குர்ஆன் இறங்குவதற்கு முன்பே அரபுகளின் நாவில் புழங்கி, அரபி உருவம் எடுத்துவிட்டன. ஆகவே அந்நியம் என்றவரும் சரி, அரபி என்றவரும் சரி. 1505இல் மறைந்த ஸுயூத்தி இப்படிப்பட்ட சொற்களைத் திரட்டித் தனி நூலே எழுதினார். தம் ஈமானுக்கு அதில் ஆபத்து இருப்பதாக அவர் நினைக்கவில்லை.

இனி ஸலாத். அரமேயத்தின் ஒரு கிளையான சிரியாக்கில் தொழுகைக்கு 'ஸ்லோத்தா' என்பார்கள். குர்ஆன் எழுத்தில் ஸலாத், ஸகாத் இரண்டும் அலிஃபுக்குப் பதில் வாவ் போட்டு எழுதப்படுவதை ஓதத் தெரிந்த எல்லாரும் பார்த்திருப்பீர்கள். இது அரமேய உச்சரிப்பின் தடம் என்று ஒரு வாதம். ஆனால் ஹயாத், ரிபா போன்ற அசல் அரபிச் சொற்களும் அங்கே வாவ் போட்டுத்தான் எழுதப்பட்டிருக்கின்றன. ஆகவே எழுத்தை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. சொல் கிறிஸ்தவர்களிடமிருந்தும் யூதர்களிடமிருந்தும் அரபுகளுக்கு அறிமுகமானது என்பதை நான் ஏற்கிறேன். ருகூவும் (குனிதலும்) ஸுஜூதும் (சிரம் பணிதலும்) கொண்டு அதை நிரப்பியது இஸ்லாம்.

'மஸ்ஜித்'கூட அப்படித்தான். எகிப்தின் எலிஃபன்டைன் தீவில் கிடைத்த, கி.மு. 5ஆம் நூற்றாண்டு அரமேயப் பாப்பிரஸ் ஒன்றில் 'மஸ்கிதா' என்ற சொல் வருகிறது. அந்தத் தீவில் ஒரு யூதக் குடியிருப்பு இருந்தது.

கிள்ளான்:

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். இங்கே 'அல்லாஹ்' என்ற பெயரைக் கிறிஸ்தவர்கள் பயன்படுத்தலாமா என்று வழக்கே நடந்தது தெரியுமா? ஹெரால்ட் என்ற கத்தோலிக்க வார இதழுக்கு 2009 கடைசியில் உயர் நீதிமன்றம் அனுமதி கொடுத்தது, 2013இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சபா, சரவாக் மக்கள் மலாய் பைபிளில் தலைமுறை தலைமுறையாக அந்தப் பெயரைத்தான் சொல்லி வருகிறார்கள். 2021இல் வேறொரு வழக்கில் ஒரு சரவாக் பெண்மணிக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. இன்னொரு பக்கம், அல்லாஹ் என்பது நிலாக் கடவுளின் பெயர் என்று வீடியோ சுற்றுகிறது. சொல்லின்படி எது சரி?

மூவெழுத்து:

நீதிமன்ற விவகாரத்தில் நான் கருத்துச் சொல்லவில்லை. சொல்லை மட்டும் பேசுகிறேன்.

பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம், அல்-இலாஹ் என்ற இரண்டும் சேர்ந்து அல்லாஹ் ஆனது என்பது. இலாஹ் என்பதன் எபிரேய உறவு 'எலோவாஹ்', யோபு நூலில் அடிக்கடி வருகிறது. அதன் பன்மை வடிவம்தான் 'எலோஹீம்'. பன்மை உருவம், ஆனால் இஸ்ரவேலின் கடவுளைச் சொல்லும்போது வினை ஒருமையில் நிற்கும். அரமேயத்தில் 'எலாஹ்', எஸ்றாவிலும் தானியேலிலும் காணலாம். சிரியாக் கிறிஸ்தவர்கள் இன்றும் 'அலாஹா' என்றே அழைக்கிறார்கள். சிரியாவின் ஸபத் என்ற ஊரில் கி.பி. 512ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று ஒரு கிறிஸ்தவத் திருத்தல வாசலில் இருந்தது. கிரேக்கம், சிரியாக், அரபி மூன்றும் அதில் உண்டு. அரபிப் பகுதியில் 'அல்-இலாஹ்' என்று வாசிக்கிறார்கள். நபிகள் பிறப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பு! எகிப்திலும் லெபனானிலும் உள்ள கிறிஸ்தவர்கள் ஜெபத்தில் இன்றும் சொல்வது அல்லாஹ் என்றுதான்.

நிலாக் கடவுள் கதைக்குச் சொல்லில் எந்த ஆதாரமும் இல்லை. நிலவுக்கு அரபியில் கமர், பிறைக்கு ஹிலால். இரண்டும் வேறு வேர்கள்.

ரஹ்மான் என்ற பெயரின் கதை இன்னும் சுவையானது. ரா-ஹா-மீம். அரபியில் 'ரஹிம்' என்றாலும் எபிரேயத்தில் 'ரெஹெம்' என்றாலும் கருப்பை. எபிரேயத்தில் இரக்கத்துக்கு 'ரஹமீம்'. தாய் வயிற்றிலிருந்து வந்த சொல். ரஹ்மான் என்ற இறைப்பெயரோ முதலில் யெமனில் பளிச்சென்று தெரிகிறது. 4ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து ஹிம்யர் அரசர்களின் கல்வெட்டுகளில் பழைய தெய்வங்களின் பெயர்கள் மறைந்து, வானங்களின் இறைவனான 'ரஹ்மனான்' வருகிறார். அது யூத சமயத்தின் செல்வாக்கு ஓங்கிய காலம். யூதச் சட்ட விவாதத் தொகுப்பான பாபிலோனியத் தல்மூதிலும் கடவுளுக்கு 'ரஹ்மனா' என்ற பெயர் சர்வசாதாரணம். யூதர்கள் உண்டபின் சொல்லும் நன்றி ஜெபத்தில் 'ஹாரஹமான்' என்று தொடங்கும் வரிகள் அடுக்கடுக்காக வரும்.

மக்காவின் குறைஷிக் குலத்தாருக்கு அது பழகாத பெயராக இருந்திருக்கிறது. "ரஹ்மான் என்றால் என்ன?" என்று அவர்கள் கேட்டதை 25:60 சொல்கிறது. 628இல் நபிகளுக்கும் குறைஷிகளுக்கும் இடையே ஹுதைபியா உடன்படிக்கை எழுதும்போது 'பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்' என்று தொடங்கியதைக் குறைஷிகளின் தூதர் ஸுஹைல் பின் அம்ர் தடுத்து, 'பிஸ்மிக அல்லாஹும்ம' (அல்லாஹ்வே, உன் பெயரால்) என்று எழுத வைத்தது பிரசித்தம். அல்லாஹ் என்றழையுங்கள், ரஹ்மான் என்றழையுங்கள், எப்படி அழைத்தாலும் அழகிய பெயர்கள் அவனுக்கே என்று 17:110 சொல்வதை இந்தப் பின்னணியில் வாசித்தால் அதன் எடை புரியும்.

ஆலிமா:

அல்லாஹும்ம என்பது எலோஹீம்தான் என்று ஒரு கூட்டம் கிளம்பும், அதற்கு முன் சொல்லிவிடுகிறேன். பஸ்ரா இலக்கணக்காரர்கள், 'யா' என்ற விளிக்குப் பதிலாகத்தான் கடைசியில் இரட்டை மீம் வருகிறது என்றார்கள். கூஃபாக்காரர்கள் அதை ஒரு முழு வாக்கியத்தின் சுருக்கம் என்றார்கள். எலோஹீமின் மீம் பன்மை விகுதி. இங்கே இருப்பது இரட்டை மீம், விளிக்க மட்டுமே வரும். இரண்டையும் முடிச்சுப் போடத் தேவையில்லை.

பாளையங்கோட்டை:

நரகத்துக்கு வருவோமா? ஜஹன்னம் என்பது எருசலேமின் தெற்கே இருக்கும் இன்னோம் பள்ளத்தாக்கு, எபிரேயத்தில் 'கே ஹின்னோம்' என்று பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். ஊர்க் குப்பையை எல்லாம் அங்கே கொட்டி இரவும் பகலும் எரித்தார்கள், அந்த அணையாத நெருப்பைப் பார்த்துத்தான் இயேசு நரகத்தை வருணித்தார் என்பார்கள்.

மூவெழுத்து:

பெயர் சரி. குப்பைமேட்டுக் கதைக்குப் பழைய சான்று எதுவும் கிடையாது. அதை முதலில் எழுதியவர் கி.பி. 1200ஐ ஒட்டி ஐரோப்பாவில் வாழ்ந்த யூத உரையாசிரியர் தாவீது கிம்ஹி, சங்கீதம் 27க்கான உரையில். இயேசுவின் காலத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகள் பின்பு. பைபிளே சொல்லும் காரணம் குப்பையைவிடக் கொடியது. எரேமியா 7:31, அங்கே தோப்பேத் என்ற இடத்தில் பிள்ளைகளை நெருப்பில் இட்டார்கள். 2 இராஜாக்கள் 23:10, யோசியா அரசன் அந்த இடத்தைத் தீட்டாக்கினான். தண்டனையின் இடமாக அந்தப் பள்ளத்தாக்கு மனதில் நிலைத்ததற்கு அந்தக் குழந்தைகளே போதும், குப்பை வேண்டாம்.

குர்ஆனின் ஜஹன்னமில் கடைசி 'ம்' இருப்பதைக் கவனியுங்கள். கிரேக்கத்தில் கெஹென்னா, சிரியாக்கில் கிஹன்னா, இரண்டிலும் அது இல்லை. எத்தியோப்பியாவின் கீஸில் 'கஹன்னம்', அங்கே இருக்கிறது. அதனால் செங்கடலுக்கு அக்கரையிலிருந்து வந்திருக்கலாம் என்பது பலர் கருத்து. இன்ஜீலும் (சுவிசேஷம்) அதே வழிதான் என்பார்கள்: கிரேக்க 'எவங்கெலியோன்', கீஸில் 'வங்கேல்'.

சுவனத்தின் பாதை வேறு. ஃபிர்தௌஸ் பழைய ஈரானியச் சொல், சுற்றுச்சுவர் எழுப்பிய தோட்டம். அதுவே எபிரேயத்தில் 'பர்தேஸ்', உன்னதப்பாட்டு 4:13இல் மாதுளஞ்சோலை. இன்றைய இஸ்ரேலில் ஆரஞ்சுத் தோப்புக்கும் பர்தேஸ் என்றுதான் பெயர்.

கிண்ணியா:

மாஷா அல்லாஹ். கடைசியா ஒன்று. ஹஜ், குர்பானி ரெண்டுக்கும் எபிரேயத்தில சொந்தம் இருக்கா? இந்த மாசம் எங்கட ஊரில இருந்து கொஞ்சப் பேர் ஹஜ்ஜுக்குப் போகினம், பேச்செல்லாம் அதுதான்.

பாளையங்கோட்டை:

குர்பானியை நான் சொல்கிறேன். மாற்கு 7:11இல் 'கொர்பான்' என்று மூலச் சொல்லே தமிழில் இருக்கிறது. பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் "அது கொர்பான், காணிக்கையாகிவிட்டது" என்று தப்பித்துக்கொள்கிறவர்களை இயேசு கண்டிக்கிறார். லேவியராகமம் முழுக்கப் பலிக்கு இந்தச் சொல்தான். கா-ரா-பா என்றால் நெருங்குதல். பலி என்பது அருகே கொண்டுவருவது. கேரளத்துச் சுறியானிக் கிறிஸ்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டைக் குர்பானா என்பதும் சிரியாக் வழியாக வந்ததே.

மூவெழுத்து:

ஹஜ்ஜுக்கு எபிரேயத்தில் 'ஹக்'. எபிரேய 'க' ஒலியுள்ள கீமெல் அரபியில் ஜீம் ஆகும்: ஒட்டகம் காமால், ஜமல், தோட்டம் கன், ஜன்னா. அதே கணக்கில் ஹக், ஹஜ். யாத்திராகமம் 23:14 ஆண்டுக்கு மூன்று முறை 'ஹக்' கொண்டாடச் சொல்கிறது. பஸ்கா, வாரங்களின் பண்டிகை, கூடாரப் பண்டிகை. அந்த மூன்றுக்கும் ஆண்கள் ஆலயத்துக்குப் பயணம் போக வேண்டும், வீட்டில் இருந்து கொண்டாடினால் போதாது. எருசலேம் ஆலயம் கி.பி. 70இல் இடிந்தபின் பயணம் நின்றுபோனது, சொல் 'பண்டிகை' என்ற அளவில் தங்கிவிட்டது. இன்று யூதர்கள் வாழ்த்தும்போது 'ஹக் சமேயாஹ்' என்பார்கள், மகிழ்ச்சியான பண்டிகை என்று. பயணம் என்ற பழைய பொருள் அரபியில்தான் முழுதாக இருக்கிறது.

உங்கள் ஊர் ஹாஜிகள் அங்கே கெய்ரோக்காரர்களைச் சந்தித்தால் காது கொடுத்துக் கேட்கச் சொல்லுங்கள். அவர்கள் பேச்சில் ஜீம் 'க' என்றே ஒலிக்கும், ஹஜ்ஜை 'ஹக்' என்பார்கள்.